நாலாவது பஞ்சு

இப்போதுதான் பல் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்திருக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் முகத்தில் தெரிகிற சலிப்பு எனக்குப் புரிகிறது. வாயைத் திறக்கச் சொன்னால் ஃபோனைத் திறக்கிறார்கள். "இதுல வேற மாதிரி சொல்றாங்களே டாக்டர்" என்று வீடியோவை நம் மூக்குக்கு நேராக நீட்டுகிறார்கள். ஐந்து வருஷம் படித்துவிட்டு வந்த நமக்கு, யாரோ ஒருவர் சமையலறையில் நின்றுகொண்டு கிராம்பும் கையுமாகப் பாடம் எடுக்கிறார். கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தில் நானே ஒரு வீடியோ போட்டேன். போட்டு நன்றாக மாட்டிக்கொண்டேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். கிளினிக்கை மூடி ஓய்வெடுத்து ஒரு வருஷம் ஆகிறது, எனக்கே இன்னும் அடங்கவில்லை.

என் கிளினிக், ஒரு காலத்தில் தங்கச் சுரங்கம் ஓடிய எங்கள் ஊரில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. கடைசி ஏழெட்டு வருஷங்களில் வந்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். வீடியோ பார்த்துத் துணிந்தவர்கள் ஒரு கட்சி, வீடியோ பார்த்துப் பயந்தவர்கள் இன்னொரு கட்சி. துணிந்த கட்சியின் தலைவர் என்றால் அது ஒரு வெல்டர். கழன்று விழுந்த பல் உறையை வீடியோ பார்த்துத் தானே பசை போட்டு ஒட்டிக்கொண்டார். உறை திரும்பி ஒட்டியிருந்தது. போகட்டும், உதடும் சேர்ந்து ஒட்டியிருந்தது! வாயின் ஒரு ஓரத்தால், "வீடியோவுல உதடு ஒட்டல டாக்டர்" என்று நியாயம் கேட்டார். பயந்த கட்சிக்கு, தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய் வேலை பார்க்கிற ஒரு பெண். அறுவை சிகிச்சை வீடியோக்களாகப் பார்த்துவிட்டு வந்தாள். நான் கையில் எடுத்தது வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடிதான். அதற்கே மயங்கி விழுந்தாள்.

இவர்களுக்கெல்லாம் உண்மையைக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். பங்காருப்பேட்டையிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஞானப்பல் எடுக்க வந்திருந்தார். "தாராளமா எடுத்துக்குங்க" என்று சம்மதித்தார். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை எல்லாம் என் வீட்டுக்காரர். மனிதர் ஊரிலுள்ள பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவர். ஒரு நட்டு தளர்ந்திருந்தால் வண்டியையே வெளியே விடமாட்டார். அப்பேர்ப்பட்ட ஆள் ஐம்பது நிமிஷத்து அறுவை சிகிச்சையை நாலு நிமிஷமாக வெட்டி, பின்னால் புல்லாங்குழல் போட்டு, "ஞானப்பல்: பதினைந்தே நிமிடத்தில், வலியே இல்லாமல்!" என்று தலைப்பும் வைத்தார். நான் தடுத்தேனா? இல்லை. மாஸ்க்குக்குள் யாருக்கும் தெரியாது என்றுகூட யோசிக்காமல் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு நின்றவள் நான்.

வீடியோ ஓடியது. கொத்தமல்லி வாங்கப் போன இடத்தில், "பல்லு வீடியோ அம்மாதானே நீங்க?" என்று கேட்டு ஒரு கட்டு கூடுதலாகக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பக்கத்துப் பாலகாட்டுக் குடியிருப்பிலிருந்து முனிரத்தினமும் அவர் மனைவி பேபியம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவருக்கு எழுபத்தைந்தைத் தாண்டிய வயது, இஸ்திரி போட்ட சட்டை. அம்மாவுக்கு வலது கன்னம் வீங்கிப் பளபளத்தது. நான் கன்னத்தைத் தொடப் போவதற்குள் அவர் ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, உங்க வீடியோவப் பாத்துத்தான் இவளைக் கூட்டிகினு வந்தேன்."

நான் மலர்ந்தேன்.

"பதினோரு வாட்டி பாத்தேன்."

இன்னும் மலர்ந்தேன்.

"அதுல ஒரு டவுட்டு கீது." சட்டைப்பையிலிருந்து தினசரிக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். "நாலு பஞ்சு உள்ள போச்சு. மூணுதான் வெளிய வந்துது. நாலாவது எங்கம்மா?"

சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற குளோரி சிஸ்டரும் சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இருந்த நர்ஸ் அவர். முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த டீச்சரம்மா வாயிலியே கீதா இன்னும்?"

வெளியே காத்திருந்த ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மெதுவாகக் காலால் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"இல்லைங்க, வெளிய எடுத்தாச்சு. வீடியோவை வெட்டும்போது அந்த எடம் போயிடுச்சு" என்றேன்.

"அப்போ இன்னும் இன்னா இன்னா போச்சு?"

அவரை விட்டுவிட்டு முதலில் அம்மாவின் வாயைப் பார்த்தேன். பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. கீழ்க்கடைவாயில் சீழ் கோத்து, வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கத் தொடங்கியிருந்தது. எச்சில் விழுங்க முடிந்தது, மூச்சு சீராக இருந்தது, இரண்டு விரல் அளவுக்கு வாய் திறந்தது. அதாவது, இன்றைக்கு என் நாற்காலியிலேயே முடித்துவிடலாம். நாளைக்கு என்றால் கோலார் பெரிய ஆஸ்பத்திரி. அதற்கும் பிந்தினால் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கும். உயிர்ச் சங்கதி.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரிம்மா. நாலாவது பஞ்சு?" என்றார்.

"யோவ், எனுக்கு உயிர் போவுது, பஞ்சு போனா போவுதுய்யா" என்று பேபியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"நீ சும்மா கெட பேபி. உள்ள போப்போறது நீ. முழுசா வெளிய வர வாணாமா?" என்று அதட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். "கோச்சுக்காதீங்க. பூதிகோட்டைப் பக்கத்துல ஒருத்தர் பச்சிலை வச்சிக் கட்றாராம், இன்னொரு வீடியோவுல பாத்தேன். அங்க இட்டுகினு போறேன். அவரு பஞ்சே வைக்கிறதில்ல."

இந்த வீக்கத்தின் மேல் பச்சிலைக் கட்டா! அவரோ எழுந்து மனைவியின் கையைப் பிடித்துவிட்டார்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். என்னிடம் ஒரு பொய் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பல் எடுத்த பிறகு கடித்துக்கொள்ள ஒரு பஞ்சை வைத்து அனுப்புவோம் இல்லையா, அதுதான் நாலாவது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீடியோவின் முடிவில் டீச்சர் காலி வாயோடு பளிச்சென்று சிரிக்கிறார். பதினோரு தடவை பார்த்த மனிதரிடம் அது செல்லுபடியாகுமா? அதைவிட, உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் பல் பதினைந்து நிமிஷத்தில் வரவில்லை. வேர் நுனி உடைந்து, ரத்தம் நிற்காமல், நான் திணறிய அரை மணி நேரத்தைத்தான் புல்லாங்குழல் வாசித்து மறைத்திருந்தோம். பச்சிலைக்காரர் வீடியோவுக்கும் என் வீடியோவுக்கும் அந்த நிமிஷத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"உக்காருங்க. வெட்டாத வீடியோ வீட்டுல இருக்கு. முழுசா காட்டறேன்" என்றேன்.

"முழுசா?"

"வெட்டின இடத்துலேருந்து கடைசி வரைக்கும். நீங்களே எண்ணிக்குங்க. அதுவரைக்கும் அம்மாவுக்கு ஒரு ஊசியும் மாத்திரையும் குடுத்துடறேன்."

யோசித்தார். "ஊசிக்கு வாயில பஞ்சு வைக்க மாட்டீங்கல்ல? போடுங்க."

வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். "முழு வீடியோவா? அதுல நான் இருக்கேன்டி! மானம் போயிடும்!" என்று அலறினார். "உங்க மானத்தை அப்புறம் தைச்சுத் தரேன், மொதல்ல எடுத்துட்டு வாங்க" என்றேன். அடுத்து டீச்சருக்கு. அவர் வாய் தெரிகிற வீடியோ, அவரைக் கேட்காமல் நாலு பேர் முன்னால் போடலாமா? வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசினார். "போடுங்க டாக்டர். மூஞ்சிய பச்சைத் துணி மூடியிருக்குமே? அய்யோ, அன்னைக்குன்னு நல்ல புடவை கட்டியிருந்தேன், அதுவாவது தெரியுதா?" என்றார்.

காத்திருப்போர் அறை டிவியில் வீடியோவைப் போட்டோம். பல் பிடுங்க வந்த ஐந்து பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்கள். செருப்பைத் தேடியவர் முதல் வரிசை. நடுவில் கொஞ்சம் வேகமாக ஓட்டலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ஷிப்ட்டை யாராச்சும் ஓட்டுவாங்களா சார்?" என்று கேட்டு முனிரத்தினம் பென்சிலை எடுத்தார்.

திரையில் 'டக்' என்று ஒரு சத்தம். வேர் உடைந்த சத்தம். உடனே என் குரல் கிறீச்சிட்டது: "ஏசப்பா!"

அதே நொடியில் குளோரி சிஸ்டரின் குரல்: "முருகா!"

அறையே சிரிப்பில் வெடித்தது. நெற்றியில் இத்தனை பெரிய பொட்டோடு நான் ஏசப்பாவையும், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குளோரி முருகனையும் கூப்பிட்டிருக்கிறோம்! நாள் முழுக்க ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக் கேட்டு, அவசரத்தில் சாமி மாறிப்போயிருக்கிறது. பேபியம்மா வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அய்ய, வலிக்குது, சிரிப்பு மூட்டாதீங்க" என்று அழாத குறை. குளோரி தலையை முந்தானையால் மூடிக்கொண்டார்.

அதோடு முடிந்ததா? ரத்தம் கொட்டியது. "மூணு, மேல. பஞ்சு நாலு, உள்ள" என்று குளோரியின் குரல். வெட்டிய வீடியோவில் இந்தத் துண்டு மட்டும், குரல் கேட்காமல் புல்லாங்குழலோடு தப்பியிருந்தது. அப்புறம் 'தொப்' என்று ஒரு பெரிய சத்தம். படம் குப்புறக் கவிழ்ந்து, மல்லாந்து, கடைசியில் கூரை மின்விசிறியில் போய் நின்றது. ரத்தத்தைப் பார்த்து எங்கள் தரப் பரிசோதகர் மயங்கி விழுந்துவிட்டார். இப்போது டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சுவரில் இருந்த பல் படத்தை மிக அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மின்விசிறி சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாவது பஞ்சு வெளியே வந்த காட்சியே பதிவாகவில்லை! முழு வீடியோவிலும் அது கிடையாது! முனிரத்தினத்தின் பென்சில் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. முடிந்தது, எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.

மின்விசிறிக்கு அடியிலிருந்து என் குரல், "நின்னுடுச்சு குளோரி... நின்னுடுச்சு" என்றது. அதைத் தொடர்ந்து குளோரி, நிதானமாக, உரக்க: "நாலு, மேல."

முனிரத்தினம் நிமிர்ந்தார். "மறுக்கா போடுங்க."

மறுபடி போட்டோம். "நாலு, மேல."

"யாரும்மா இது எண்றது?"

"நான்தாங்க" என்றார் குளோரி.

"'மேல'ன்னு யாரு சொல்லிக் குடுத்தது உனுக்கு?"

"எங்கப்பா சுரங்கத்துல, சாஃப்ட்டுக் குழி மேல, ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜ் கதவு பாத்தவரு. ஆளுங்க ஏறி வந்தா அப்படித்தான் கூவுவாரு. எனுக்கும் அதே வந்துடுச்சு."

முனிரத்தினம் காலண்டர் தாளை மடித்தார்.

"நான் சுரங்கத்துல டைம் ஆபீஸ்மா. கீழ போறவன் பித்தளை டோக்கனை எங்கிட்ட குடுத்துட்டுப் போவான். நான் ஆணியில மாட்டுவேன். மேல வந்தா கழட்டிக் குடுப்பேன். டோக்கன் தொங்குதுன்னா ஆளு இன்னும் கீழ கீறான்னு அர்த்தம். ஒரு நாளு ஒருத்தன் வந்து, 'கூட்டாளி பின்னாடியே வர்றான், மேட்னிக்கு நேரமாவுது, ரெண்டையும் குடு'ன்னான். குடுத்துட்டேன். கூட்டாளி வரல. கால் சுளுக்கிகினு கீழ லெவல்ல குந்திகினு கீறான். பலகையில டோக்கன் இல்ல, யாரு தேடுவாங்க? அடுத்த ஷிப்ட்டுதான் பாத்து இட்டாந்தாங்க. மேல வந்ததும் என்னப் பாத்து, 'யோவ், என்னை வூட்டுக்கு அனுப்பிட்டு சோறு துன்னியா?'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனுக்கு மூணு நாளு சோறு எறங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கீழ நடக்கறதை நான் ஒருநாளும் பாத்ததில்லமா. எண்ற ஆளு குரலை நம்பித்தான் உக்காந்திருந்தேன். இந்தப் பொண்ணு குரலு போதும். எழுந்திரு பேபி, போலாம்."

அந்த நிமிஷத்தில் என் படிப்பு முடிந்தது என்று சொல்வேன். ஆள் வருவதற்கு முன்னாலேயே டோக்கனைக் கழற்றிக் கொடுத்தவள் நான். வேர் உடையாமல், ரத்தம் வராமல், பதினைந்து நிமிஷத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதாக ஊருக்கே காட்டியிருந்தேன். இனி யாராவது உங்களிடம் ஃபோனை நீட்டினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். சேர்ந்து பாருங்கள். எது உள்ளே போனது, எது வெளியே வரவில்லை, எந்த இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது, மறுநாள் அந்த நோயாளி எப்படி இருந்தார் என்று அவர்களையே கேட்கவிடுங்கள். கேட்கத் தெரிந்த நோயாளியை எந்த வீடியோவும் ஒன்றும் செய்துவிடாது. கேள்வி உங்கள் வீடியோவைப் பற்றியே இருந்தாலும் சிரித்து மழுப்பாதீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை அறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். பேபியம்மா கேட்டுக்கொண்டது அது.

"ஒண்ணு, உள்ள" என்றார் குளோரி.

"ஒண்ணு, உள்ள" என்று வெளியே முனிரத்தினம் திருப்பிச் சொன்னார்.

"ஒண்ணு, மேல."

"ஒண்ணு, மேல!" இந்தத் தடவை முனிரத்தினத்தோடு இன்னும் மூன்று குரல்கள். மூன்றாவது பஞ்சு வருவதற்குள் காத்திருந்த ஐந்து பேரும் சேர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. நாற்காலியில் பேபியம்மாவின் வயிறு குலுங்கியது. "அம்மா, சிரிக்காதீங்க, என் கை ஆடுது" என்றால், அதைக் கேட்டு இன்னும் குலுங்குகிறார். இப்படிப்பட்ட கும்மாளத்தில் நான் சீழ் எடுத்ததே இல்லை. ஆனால் பல் வருகிற நேரத்தில் குளோரி கையை உயர்த்தினார். வெளியே கப்சிப். வேர் முழுசாக வந்தது. தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நுனி உடையவில்லை.

"ஆறு, மேல. ஏழு, உள்ள" என்று குளோரி நிறுத்தினார்.

முனிரத்தினம் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏழு?"

"அது கடிச்சுக்கிறதுக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு நீங்களே எடுத்துப் போட்டுடுங்க. மறுபடி ரத்தம் வந்தாலோ, முழுங்க கஷ்டமா இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அந்த நிமிஷமே கூப்பிடுங்க."

"அப்போ கணக்கு இன்னும் முடியல."

"முடியலைங்க" என்றேன். அவர் தலையாட்டினார். மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார்.

பகல் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடினேன். மறுபடி திறந்து, மூடினேன். ரத்தம் நின்றிருக்குமா? வீக்கம் இறங்கத் தொடங்கியிருக்குமா? சோறு இறங்கவில்லை. எத்தனை வீடியோ பார்த்தாலும் இந்த ஒரு மணி நேரத்தை எதிலும் காட்டமாட்டார்கள். என் வீடியோவிலும்தான் இல்லை.

தெருவில் ஆட்டோ ஹாரன் கேட்டது. எழுந்து ஓடினேன், பின்னாலேயே குளோரி. ஆட்டோவில் கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பேபியம்மா. கண் தெளிவாக இருந்தது, வாய் லேசாகத் திறந்து ஒரு பக்கமாகச் சிரித்தது. முனிரத்தினம் இறங்கி வந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த காலண்டர் தாளைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். நடுவில் ஒரு பஞ்சு. ரத்தக்கறை ஓரத்தில் மட்டும்தான், அதுவும் காய்ந்திருந்தது.

"ஏழு" என்றார்.

பிறகு ஆட்டோவைப் பார்த்துத் திரும்பி, மார்க்கெட் தெரு முழுக்கக் கேட்கும்படி கூவினார்:

"பேபி, மேல!"